குடும்ப அட்டைக்குப் பின்னால் ஓர் அமைச்சரவை

சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், கோத்தகிரி என்று நீலகிரியில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் குடியிருப்பு எங்கிருந்தாலும், பழைய தகரப் பெட்டிகளுக்குள் இரண்டு தாள்கள் பத்திரமாக இருக்கும். ஒன்று, இலங்கையில் இருந்தபோது இந்திய அரசு வழங்கிய பாஸ்போர்ட். மற்றொன்று 'குடும்ப அட்டை'. குடும்பத் தலைவர் யார், கூட வருவோர் யார், என்ன உறவு, இந்தியாவில் எந்த மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள் என்ற விவரங்கள் அந்த அட்டையில் இருக்கும். அரசு ஏடுகள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்கின்றன. ஊர் வழக்கில் இவர்கள் 'சிலோன்காரங்க'.

எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டால், முதியவர்கள் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: "சிறிமா ஒப்பந்தத்துல வந்தோம்." பதில் உண்மைதான். ஆனால் ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டது 1964 அக்டோபர் 30 அன்று. இவர்களைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டிய நிலை அதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். ஒரு நாட்டின் குடிமக்களை இன்னொரு நாட்டோடு பேசிப் பிரித்துக்கொள்ள முடியாது. எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று முதலில் ஆக்கப்பட்டவர்களையே அப்படிப் பிரிக்க முடியும். அதனால் என் கேள்வி 1964-ஐ விட்டு 1948-க்கு நகர்ந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியுரிமை இழந்த அந்த ஆண்டில், கொழும்பில் தொழிலாளர் நலனுக்குப் பொறுப்பான அமைச்சர் யார்?

பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அமைத்த முதல் அமைச்சரவையின் பட்டியலில் விடை ஒரே வரியில் கிடைக்கிறது. தொழில், சமூக சேவை அமைச்சர்: டி. பி. ஜாயா.

கண்டிப் பகுதி ஆவணங்களைப் படித்துப் பழகிய எவரும் 'டி. பி.' என்ற எழுத்துகளைக் கண்டவுடன் 'டிக்கிரி பண்டா' என்றே விரிப்பார். கண்டிச் சிங்களவரிடையே அது அவ்வளவு பரவலான பெயர். பிறந்த ஊரும் அந்த ஊகத்துக்கு இடம் தருகிறது. ஜாயா 1890 ஜனவரி 1 அன்று பிறந்தது கண்டியை அடுத்த கலகெதரவில். ஆனால் 'ஜாயா' சிங்களக் குடும்பப் பெயர் இல்லை. முழுப் பெயரைத் தேடினால் ஊகம் கலைகிறது: துவான் புர்ஹானுதீன் ஜாயா. இலங்கையில் பெயருக்கு முன் 'துவான்' என்று வந்தால் அது மலாய்க் குடும்பத்தின் அடையாளம். ஆக, சுதந்திர இலங்கையில் தோட்டத் தொழிலாளர் விவகாரங்கள் போய்ச் சேர்ந்த மேசையில் இருந்தவர் ஒரு மலாய்க்காரர்.

இங்கே ஒரு பக்கத் தடத்தைச் சொல்லிவிட்டு அதை மூடிவிட வேண்டும். நீலகிரி, மலாய் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பழைய பதிவேடுகளில் தேடுகிறவர் நடுவட்டத்தில் போய் நிற்பார். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கே சின்கோனா பயிரிட்டார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது. அந்தத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளில், மலாய்த் தீபகற்பக் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் டான்டீயின் பொறுப்பில் இருக்கிறது. கடல் கடந்து வந்த பெயர்கள், மலாய்க் கரை, டான்டீ என்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்வதைக் கண்டதும் மனம் துள்ளும். ஆனால் அந்தக் கைதிகள் சீனர்கள். இலங்கை மலாய்களோடு அவர்களுக்குத் தொடர்பு எதுவும் இல்லை. தற்செயல் ஒற்றுமையைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. நீலகிரியையும் ஜாயாவையும் இணைக்கும் வழி நடுவட்டத்தில் இல்லை. அது கொழும்பின் சட்டப் புத்தகங்கள் வழியே போகிறது.

இலங்கை மலாய்கள் யார் என்பது அடுத்த படி. டச்சுக்காரர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தார், படைவீரர்கள், கைதிகள் ஆகியோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆங்கிலேயர் அவர்களைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கைத் துப்பாக்கிப் படை 1873-இல் கலைக்கப்பட்டபோது அந்தக் குடும்பங்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பலர் காவல் துறைக்குப் போனார்கள். சிலர் மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஜாயாவின் தந்தையும் காவல் துறையில் இருந்தவர்தான். தோட்டங்கள் பரவியிருந்த கண்டிச் சீமையில் ஒரு மலாய்க் குழந்தை பிறந்ததன் பின்னணி இது.

இலங்கை மலாய்கள் வீட்டில் பேசும் மலாய், தாய்நிலத்து மலாயிலிருந்து வெகுவாக விலகியது. வினை இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. இந்த மாற்றம் தமிழால் வந்ததா, சிங்களத்தாலா, இரண்டாலுமா என்று மொழியியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இவற்றில் எது சரியானாலும் ஒன்று உறுதி. இலங்கை மலாய்கள் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு பள்ளிவாசலையும் தெருவையும் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். கொழும்பின் கொம்பனித்தெரு அப்படிப்பட்ட இடம்.

இனி அரசியல் வாழ்வு. ஜாயாவைப் பற்றிய குறிப்புகளில் ஒரு முரண் திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் அவரை 'மலாய்த் தலைவர்' என்கிறார்கள், சிலர் 'முஸ்லிம் தலைவர்' என்கிறார்கள். எது சரி என்று தீர்க்க, அவர் எந்த ஆசனத்தில் அமர்ந்தார் என்று பார்த்தால் போதும். 1924-இல் சீர்திருத்தப்பட்ட சட்டசபையில் மலாய்களுக்கென்று தனி ஆசனம் கிடையாது. முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்கள் இருந்தன. எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர் ஆகியோருடன் ஜாயா அந்த மூன்றில் ஒன்றை வென்றார். மலாயாகப் பிறந்தவர் முஸ்லிம் ஆசனத்தின் வழியாகவே அரசியலுக்குள் நுழைந்தார். இரண்டு குறிப்புகளும் சரியானவையே.

அதே ஏற்பாட்டில் இந்தியர்களுக்கும் இரண்டு இனவாரி ஆசனங்கள் இருந்தன. 1925-இல் நடந்த இடைத்தேர்தலில் அவற்றில் ஒன்றைப் பெற்றவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து போய், மலையகத்தில் முதல் தொழிற்சங்கத்தை வளர்த்தெடுத்தவர் அவர். 1931 வரை ஒரே சபையில் ஜாயாவும் நடேசய்யரும் உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள். சிறுபான்மை மலாயும் தோட்டத் தமிழரும் ஒரே வகையான வாசல் வழியே உள்ளே வந்த காலம் அது.

ஜாயா முழுநேர அரசியல்வாதி ஆனது பிற்காலத்தில்தான். முதலில் அவர் ஆசிரியர். முகத்துவாரத்தில் இருந்த பரி. தோமா கல்லூரியில் படித்தவர். கண்டி தர்மராஜா, மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி, கொழும்பு ஆனந்தா என்று பௌத்தப் பள்ளிகளிலும் பொதுப் பள்ளிகளிலும் கற்பித்தார். 1921-இல் கொழும்பு ஸாஹிரா கல்லூரிக்கு அதிபரானார். 1892-இல் சிறு மதரசாவாகத் தொடங்கிய அந்தப் பள்ளி அவர் கையில் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றானது. கம்பளை, மாத்தளை, அளுத்கம ஆகிய ஊர்களில் கிளைகள் எழுந்தன. கம்பளையும் மாத்தளையும் தேயிலைச் சீமையின் ஊர்கள். அந்த ஊர்களின் வழியே போய்வந்தவருக்குத் தோட்டத்து லயன் வீடுகள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

1931-இல் டொனமூர் அரசியலமைப்பு இனவாரி ஆசனங்களை நீக்கி, வயது வந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் பட்டியல்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புதிய அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானவர் பெரி. சுந்தரம். ஹட்டன் தொகுதியின் உறுப்பினர், இந்திய வம்சாவளித் தமிழர், கண்டிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழில் அமைச்சு என்ற பொறுப்பை இலங்கையில் முதன்முதல் வகித்தவர் தோட்டத்துப் பிள்ளை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே பொறுப்புக்கு ஜாயா வரும்போது, அந்தத் தோட்டத்தாரின் வாக்குரிமையே கேள்விக்குள்ளாகியிருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதே இந்தத் தேடலின் மையம்.

இனவாரி ஆசனம் போனதும் ஜாயாவுக்கு வாசல் அடைபட்டது. பரவலாகச் சிதறி வாழும் சிறு சமூகத்துக்குத் தொகுதி வாரித் தேர்தலில் இடம் கிடைப்பது அரிது. 1936-இல் அவர் ஆளுநரின் நியமன உறுப்பினராகத் திரும்பி வந்தார். தேர்தலில் கிடைக்காததை நியமனம் ஈடு செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே நியமன வாசல் பிறகு வேறொருவருக்காகத் திறக்கும்.

அடுத்த தடயம் 1945 நவம்பர். சோல்பரி ஆணைக்குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை ஏற்பதா என்று அரசாங்க சபை விவாதித்தது. ஜாயா அப்போது அகில இலங்கை முஸ்லிம் லீக்கின் தலைவர்களில் ஒருவர். தன் சமூகத்துக்கென்று முன்நிபந்தனை எதையும் வைக்காமல் விடுதலைக்கு ஆதரவாகப் பேசினார். இலங்கையின் விடுதலை வரலாற்றில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது அந்த உரைதான். தீர்மானம் 51-க்கு 3 என்று நிறைவேறியது. இந்த 51 பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என் கேள்விக்குப் பயன்படுவது மற்ற மூன்று. எதிர்த்து வாக்களித்த மூவரில் ஒருவர் டபிள்யூ. தஹநாயக்க. மற்ற இருவரும் இந்தியர் தரப்பின் உறுப்பினர்கள்.

இந்தச் சான்றை எச்சரிக்கையோடு எடை போட வேண்டும். இந்திய உறுப்பினர்கள் விடுதலையை எதிர்த்தார்கள் என்று இதைப் படிப்பது பிழை. வரப்போகும் அரசியலமைப்பு, யார் குடிமக்கள் என்ற கேள்வியைத் தீர்க்காமல் புதிய நாடாளுமன்றத்தின் கையில் விட்டுவிடுகிறது. அவர்களை அஞ்சவைத்தது அதுதான். ஜாயாவுக்கு அந்த அச்சம் வேண்டியிருக்கவில்லை. அவருடைய மக்கள் இலங்கைக்காரர்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஒரே தீர்மானம் இரண்டு சிறுபான்மையினருக்கு இரண்டு விதமாகத் தெரிந்திருக்கிறது. 1924-இல் ஒரே வாசல் வழியே வந்தவர்களின் பாதைகள் முதன்முதலில் பிரிவது இங்கேதான்.

1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தப் பிரிவின் அளவைக் காட்டுகிறது. இலங்கையில் இந்தியத் தமிழர் சுமார் 7,80,000 பேர். மலாய்கள் சுமார் 22,500 பேர். தலைக்கணக்கில் மலாய்களைப் போல முப்பது மடங்குக்கு மேல் தோட்டத் தமிழர் இருந்தார்கள். ஆனாலும் அரசியலில் பாதுகாப்பாக இருந்தது சிறிய சமூகம்தான்.

1947 தேர்தல். புதிய பிரதிநிதிகள் சபைக்கு 89 தொகுதிகளிலிருந்து 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆறு பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். தொகுதிகளைவிட உறுப்பினர் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம், சில தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். கலப்பு மக்கள் வாழும் இடங்களில் சிறுபான்மையினரும் வெல்ல வழி செய்யவே அந்த ஏற்பாடு. அவற்றில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட ஒரே தொகுதி கொழும்பு மத்தி. தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், ஐக்கிய தேசியக் கட்சியின் ஜாயா ஆகிய மூவரும் அங்கே வென்றார்கள். இனவாரி ஆசனம், நியமனம், பல்லுறுப்பினர் தொகுதி: ஜாயாவின் வாழ்வில் மூன்று காலங்களில் மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. அவருடைய திறமையும் உழைப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஒவ்வொரு முறையும் சட்டம் ஒரு வாசலை வைத்திருந்தது என்பதும் உண்மை.

அதே தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்டத்து வாக்குகள் உதவின. ஆளும் தரப்பு இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்கவில்லை.

இப்போது சட்டப் புத்தகம். மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்ட மூன்று சட்டங்களைத் தனித்தனியே பிரிக்காமல் மேலே போக முடியாது. முதலாவது, 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1948 ஆகஸ்ட் 20 அன்று 53-க்கு 35 என்ற வாக்கில் சபையைத் தாண்டி, நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. இரண்டாவது, 1949-இன் 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். வம்சாவளியால் குடியுரிமை பெற முடியாதவர்கள், இடையறாத வசிப்பையும் வருமானத்தையும் மெய்ப்பித்து விண்ணப்பிக்க வழி செய்தது. மூன்றாவது, 1949-இன் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்று அது முடித்துவைத்தது.

இந்தப் பிரிப்பு ஒரு பழைய குழப்பத்தையும் தீர்க்கிறது. தமிழ்த் தலைவர்கள் 'அந்தச் சட்டத்துக்கு' எப்படி வாக்களித்தார்கள் என்று எழுதுவோர் பலர் முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 ஆகஸ்டில் எதிர்க்கட்சியில் இருந்து முதலாவதை எதிர்த்தார். செப்டம்பரில் அமைச்சரானார். டிசம்பரில் இரண்டாவதை ஆதரித்தார். சி. சுந்தரலிங்கத்தின் வழி நேர்மாறானது. அமைச்சராக இருந்து முதலாவதோடு உடன்பட்டவர், டிசம்பரில் இரண்டாவதன்போது வெளிநடப்புச் செய்து அமைச்சர் பதவியை விட்டார். எந்தச் சட்டம், எந்த மாதம் என்று குறிக்காமல் எவரையும் குற்றஞ்சாட்டவோ புகழவோ முடியாது.

அமைச்சர் ஒருவர் விலக முடியும் என்பதற்கு அந்த அமைச்சரவையிலேயே சான்று இருக்கிறது. ஜாயா விலகவில்லை. மூன்று சட்டங்களும் நிறைவேறிய காலம் முழுவதும் தொழில் அமைச்சராகத் தொடர்ந்தார். 1950-இல் பாகிஸ்தானுக்கு இலங்கையின் உயர் ஆணையராகப் போகும் வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அமைச்சரவைக்குக் கூட்டுப்பொறுப்பு உண்டு. ஆகவே அந்தச் சட்டங்களின் பொறுப்பில் அவருக்கும் பங்கு உண்டு. இந்த முடிவை நான் மென்மைப்படுத்த விரும்பவில்லை.

ஆனால் பொறுப்பின் அளவைச் சரியாகக் கணக்கிட வேண்டும். குடியுரிமை விவகாரம் ஜாயாவின் துறையில் இல்லை. அது பாதுகாப்பு, வெளிவிவகாரத் துறைகளையும் வைத்திருந்த பிரதமரிடம் இருந்தது. தொழில் அமைச்சின் கீழ் வந்தவை சம்பளம், தொழிற்சங்கம், தொழிலாளர் ஆய்வு ஆகியவை. 1941-இன் சம்பளச் சபைகள் சட்டத்தால் தேயிலைத் தொழிலுக்கான ஊதியத்தை நிர்ணயிக்கும் ஏற்பாடும் அதில் அடக்கம். 1948-இல் இலங்கை பன்னாட்டுத் தொழில் நிறுவனத்தில் உறுப்பினரானதும் அவர் காலத்தில்தான். ஆக, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி அரசாங்கத்துக்குள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தாள். அவள் கூலி ஒரு மேசையில், அவள் குடியுரிமை இன்னொரு மேசையில். முதல் மேசையில் அவள் தொழிலாளி. இரண்டாவதில் அவள் அந்நியர். தொழிலாளியாக அவளுக்குச் சட்டப் பாதுகாப்பு வளர்ந்த அதே ஆண்டுகளில், வாக்காளராக அவள் அழிக்கப்பட்டாள். நல்ல எண்ணம் கொண்ட ஓர் அமைச்சர் தன் மேசையில் மட்டும் நேர்மையாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மத உறவு ஏதேனும் வேறுபாட்டை உண்டாக்கியதா? இரண்டாவது சட்டத்தின் தலைப்பிலேயே 'பாகிஸ்தானிய' என்று இருக்கிறது. 1946 கணக்கில் 'இந்தியச் சோனகர்' என்று பதியப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களிலிருந்து வணிகத்துக்குப் போன முஸ்லிம்கள். எண்ணிக்கையில் அவர்கள் மலாய்களைவிட அதிகம். முதல் சட்டம் அவர்களையும் வெளியே நிறுத்தியது. ஒரு முஸ்லிம் அமைச்சரின் இருப்பு அவர்களுக்கும் கவசமாகவில்லை. அந்தச் சட்டம் பார்த்தது வருகையின் காலத்தை. 18-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த மலாய் உள்ளே நின்றார். 19-ஆம் நூற்றாண்டில் வந்த தமிழரும் கரையோர முஸ்லிமும் வெளியே நின்றார்கள்.

விளைவு 1952 தேர்தல் முடிவில் தெரிகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஏழு பேர் இருந்த இடத்தில் தோட்டத் தமிழரின் சார்பில் ஒருவர்கூட இல்லை. இதில் கொடுமையான நுணுக்கம் ஒன்று உண்டு. தொகுதிகளைப் பிரித்த கணக்கு வாக்காளர்களை எண்ணவில்லை, மொத்த மக்களை எண்ணியது. வாக்கு இல்லாத தோட்ட மக்களின் தலைகளும் மலைநாட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கையில் சேர்ந்தன. அவர்கள் பேரில் உருவான ஆசனங்களுக்கு மற்றவர்கள் வாக்களித்தார்கள். இரண்டாவது சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

இப்போது அந்த நியமன வாசல். 1956-இல் மருத்துவர் எம். பி. திரஹ்மான் மலாய்களின் பிரதிநிதியாக நியமன உறுப்பினரானார். 1960-இல் தொண்டமானும் நியமன உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். இருபதாயிரம் பேரின் சமூகமும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேரின் சமூகமும் ஒரே அளவான கதவில் வந்து நின்றன. 1936-இல் ஜாயாவுக்குத் திறந்த கதவு அது. சிறு சமூகத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. தேர்தலில் ஏழு இடம் வென்ற சமூகத்துக்கு அது இழப்பின் அளவுகோல். ஜாயா அதே 1960 மே 31 அன்று மதீனாவில் காலமானார்.

இனி தேடல் நீலகிரிக்குத் திரும்புகிறது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்தது 1974-இன் இன்னோர் ஒப்பந்தம். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வந்தன. அங்கிருந்து மண்டபம் முகாம், முகாமிலிருந்து மறுவாழ்வுத் திட்டங்கள். நீலகிரியில் 1968-இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே 1975-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ, ஆனது. காடு திருத்திச் செடி நட்டவர்கள் குடும்ப அட்டையோடு வந்தவர்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானபோது மக்களவையில் நீலகிரியின் உறுப்பினர் அக்கம்மா தேவி. படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி. வரப்போகும் மக்கள் அன்று அவருடைய வாக்காளர்கள் அல்லர். பின்னர் அவர்கள் இந்த மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள். 1949-இல் பறிபோன வாக்கு அவர்களுக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் திரும்பக் கிடைத்தது. 2008 தொகுதிச் சீரமைப்புக்குப் பின் நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர்ச் சட்டமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஆயின. தாயகம் திரும்பியோரில் பட்டியல் சாதியினர் பெருந்தொகையினர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த மாற்றத்தில் அவர்களின் வருகைக்கும் பங்கு உண்டு என்று கருதலாம். இது என் ஊகம். தொகுதிச் சீரமைப்பின் கணக்குகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டிய ஊகம்.

ஜாயாவை எப்படி மதிப்பிடுவது? ஸாஹிராவை வளர்த்த அதிபராக, நிபந்தனை இன்றி விடுதலைக்குக் குரல் கொடுத்த சிறுபான்மைத் தலைவராக, அவர் பெயரை இலங்கை நன்றியோடு சொல்வது முறை. அவர் வாழ்வு, சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்தால் சின்னஞ்சிறு சமூகத்தின் பிள்ளையும் நாட்டை நடத்த முடியும் என்று மெய்ப்பிக்கிறது. அவர் அமர்ந்திருந்த அமைச்சரவை, சட்டம் ஒரு வாசலை மூடினால் எட்டு லட்சம் பேரும் ஐந்தாண்டில் காணாமல் போவார்கள் என்று மெய்ப்பிக்கிறது. இவற்றில் ஒன்றை எழுதி மற்றொன்றை விடுகிற வரலாறு எதுவும் முழுமை ஆகாது.

இதைச் சொல்ல அவசரமும் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க முடிவு செய்தது. தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். குடியிருப்புகள் காலியாகும்போது தகரப் பெட்டிகளும் இடம் பெயரும். தோட்டப் பதிவுச் சீட்டு, பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாம் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சிதறும். கொழும்பின் நாடாளுமன்ற விவாதங்கள் அச்சில் இருக்கின்றன, அவை அழியாது. அந்த விவாதங்கள் யாரைப் பற்றியவையோ அவர்களின் தாள்களுக்கு அந்த உறுதி இல்லை. நீலகிரி மாவட்ட நிர்வாகமோ, பல்கலைக்கழகங்களோ, தாயகம் திரும்பியோர் சங்கங்களோ அந்த அட்டைகளைப் படியெடுத்து ஓரிடத்தில் சேர்க்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். அமைச்சர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த அட்டைகளும் சாட்சி.